வடிப்பதா, வற்றவிடுவதா: பெட்டி மக்ரோனிக்கு ஏற்ற கருவி எது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் என் தங்கை டெக்சாஸிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு மதுரைக்கு வரும்போது, துணிமணிகளுக்கு அடியில் பன்னிரண்டு நீல நிற அட்டைப் பெட்டிகளையும் அடுக்கிக் கொண்டுவருவாள். அமெரிக்காவில் ‘மேக் அண்ட் சீஸ்’ என்று சொல்லப்படும் மக்ரோனியும் சீஸ் தூளும் அடங்கிய பெட்டிகள் அவை. வந்த இரண்டு நாள் இட்லி, பணியாரம் என்று கொடுத்ததையெல்லாம் சாப்பிடும் பிள்ளைகள், மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு, “அம்மாச்சி, மேக் அண்ட் சீஸ்” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் நானும் என் மனைவியும் அலுவலகத்தில் இருப்போம். தங்கை ஏதாவது ஒரு கல்யாண வீட்டுக்கோ ஜவுளிக் கடைக்கோ போயிருப்பாள். வீட்டில் இருப்பவர் என் அம்மா மட்டுமே. அவருக்கு வயது 72. வலது மணிக்கட்டில் சில ஆண்டுகளாக வலி இருக்கிறது.

கடந்த ஆண்டு அவர் அந்த மக்ரோனியை வடிக்கும்போது கை தளர்ந்து, கொதிநீர் தொட்டியின் விளிம்பில் பட்டுத் தெறித்து, இடது பாதத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம் எழுந்தது. நல்லவேளையாக அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இந்த ஒரு பண்டத்தை அவர் ஆபத்தில்லாமல் சமைக்க எந்தக் கருவி ஏற்றது என்று தேடத் தொடங்கினேன். வீட்டில் இருந்தவற்றையும், தங்கை கொண்டுவந்ததையும், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவற்றையும் வைத்து, அந்த விடுமுறை முழுவதும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். இதே தேவை உள்ள வீடுகள் இன்று மதுரையில் ஏராளமாக இருப்பதால், கண்டறிந்ததை எழுதிவைக்கிறேன்.

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பெட்டிக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராஃப்ட் நிறுவனம் இந்தப் பெட்டியை 1937-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான்கு பேருக்கான உணவு 19 சென்ட்டுக்குக் கிடைத்ததால், பொருளாதார நெருக்கடி நீடித்த அந்த ஆண்டுகளிலும், அதைத் தொடர்ந்து வந்த போர்க்காலப் பங்கீட்டு ஆண்டுகளிலும், அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. இன்று அமெரிக்காவில் விற்கும் வழக்கமான பெட்டியின் எடை 206 கிராம். அதில் பெரும்பகுதி விரல் நுனி நீளமுள்ள மெல்லிய மக்ரோனிக் குழல்கள். மீதி ஒரு சிறிய உறையில் சீஸ் தூள். அந்தத் தூளுக்கு நிறம் கொடுத்த செயற்கைச் சாயங்களை நீக்கிவிட்டு மிளகாய் வகையைச் சேர்ந்த பாப்ரிகா, அனாட்டோ விதை, மஞ்சள் ஆகியவற்றைச் சேர்ப்பதாக 2015-இல் அறிவித்து, அந்த ஆண்டின் இறுதியில் மாற்றினார்கள். பெட்டியின் பக்கவாட்டில் இதை வாசித்துக் காட்டியபோதுதான் அம்மாவுக்கு அந்த மஞ்சள் நிறத்தின் மேல் இருந்த ஐயம் கொஞ்சம் தணிந்தது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் செய்முறை அடுப்புக்கானது. ஆறு கப் நீரைக் கொதிக்கவைத்து, மக்ரோனியைப் போட்டு, 7 முதல் 8 நிமிடம் வேகவிட்டு, நீரை வடித்து, கழுவாமல் மீண்டும் அதே பாத்திரத்தில் போட்டு, நான்கு மேசைக்கரண்டி வெண்ணெய், கால் கப் பால், சீஸ் தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கிளற வேண்டும். அமெரிக்கக் கப் என்பது சுமார் 240 மில்லி. ஆகவே ஆறு கப் என்பது ஏறத்தாழ 1.4 லிட்டர். நம் வீட்டுத் தம்ளர்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவில் இருப்பதால், “ஆறு தம்ளர்” என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும். இந்த 1.4 லிட்டர் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், எந்தக் கருவி பொருந்தும், எது பொருந்தாது என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

மீதிப் பாதி, அந்த நீர் எப்படி வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது. நம் சமையலறையில் இதற்கு இரண்டு வழிகளும் தலைமுறை தலைமுறையாக உண்டு. சோற்றை உலை நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிப்பது ஒரு வழி. சேமியா உப்புமாவுக்கு அளந்து ஊற்றி, அந்த நீர் முழுவதையும் உள்ளேயே வற்றவிடுவது இன்னொரு வழி. பெட்டி மக்ரோனி பிறப்பால் வடிசோற்று இனத்தைச் சேர்ந்தது. சந்தையில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவையோ அதைச் சேமியா உப்புமாவாக மாற்றப் பார்க்கின்றன. வடித்த மக்ரோனியில் மேற்பரப்பு மாவு பெருமளவு நீரோடு போய்விடுவதால், குழல்கள் தனித்தனியாக நிற்கும். சீஸ் கலவை அவற்றின் மேல் பளபளப்பாகப் படியும். வற்றவிட்ட மக்ரோனியில் மாவு முழுவதும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். அது கொழகொழவென்று, சற்றுக் கனமாக இருக்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும். என் தங்கையின் மூத்த பிள்ளைக்குப் பிடிக்காது; ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவான்.

தங்கை கொண்டுவந்த கருவியிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பெட்டிக்காகவே செய்யப்பட்ட மைக்ரோவேவ் குக்கர் அது. கனமான பிளாஸ்டிக்கில், உயரமான சுவர்களோடும் இரண்டு பக்கமும் கைப்பிடிகளோடும், உள்ளே ஒரு நீர்க்கோட்டோடும் இருக்கும் செவ்வக வடிவப் பாத்திரம். மக்ரோனியைக் கொட்டி, கோடு வரை நீர் ஊற்றி, மூடாமல் மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க வேண்டும். பெட்டியில் சொல்லியிருக்கும் ஆறு கப்பைவிட இதற்கு மிகக் குறைவான நீரே தேவை. வெந்து முடியும்போது அதில் பெரும்பகுதி உள்ளே இழுக்கப்பட்டுவிடும். வெண்ணெய், பால், தூள் ஆகியவற்றையும் அதிலேயே கலந்து, அதிலேயே சாப்பிட்டும் விடலாம். கழுவ ஒரே பாத்திரம்தான்.

இதன் முதன்மையான நன்மை, தீ இல்லை என்பது. பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில் இதற்கு நிகர் வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அடுப்பை அணைக்க மறந்துபோகும் அச்சம் கிடையாது. நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். இரண்டாவது நன்மையை மதுரைக்காரர்கள் உடனே உணர்வார்கள். ஜூன், ஜூலை மாலைகளில், ஏற்கெனவே வெந்து கிடக்கும் சமையலறையில் ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் கிளப்புவது ஒரு தண்டனை. மைக்ரோவேவில் அந்தப் புழுக்கம் பெரிதாகச் சேர்வதில்லை.

ஆனால் குறிப்பில் சொன்ன நேரம் இங்கே பொருந்தவில்லை. அமெரிக்க வீடுகளில் உள்ள மைக்ரோவேவ் அடுப்புகள் பெரும்பாலும் 1,000 வாட்டுக்கு மேல் வெளியிடுபவை. எங்கள் வீட்டில் இருப்பதோ 20 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய அடுப்பு. அதன் வெளியீடு 700 வாட். அதே நீர் கொதிநிலையை எட்ட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கிறது. முதல் நாள் குறிப்பில் இருந்தபடி வைத்து எடுத்தபோது, குழல்களின் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் கூடுதலாக வைத்தபோது பொங்கி, கண்ணாடித் தட்டு முழுவதும் மாவுநீர் பரவி, உருளைகளில் பிசினாக ஒட்டிக்கொண்டது. நான்காம் முறைதான் எங்கள் அடுப்புக்கான கணக்கு பிடிபட்டது: முழுத் திறனில் ஐந்து நிமிடம், வெளியே எடுத்து ஒரு கிளறல், பிறகு 70 விழுக்காட்டுத் திறனில் எட்டு நிமிடம். மக்ரோனி கொதிக்கத் தொடங்கிய பிறகு அதற்கு முழுத் திறன் தேவையில்லை, தேவை நேரம்தான். இந்த ஒரு திருத்தம் பொங்கி வழிவதை நிறுத்திவிட்டது.

அம்மாவுக்கு இந்தக் கருவி ஏன் ஒத்துவரவில்லை என்பதை அருகிலிருந்து பார்த்தேன். எங்கள் மைக்ரோவேவ் அடுப்பு குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள அலமாரியில், அவருடைய தோள் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொதிக்கும் மாவுநீரோடு ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் இழுத்து, முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, பிறகு கீழே இறக்க வேண்டும். கைப்பிடி சுடவில்லை; ஆவி முகத்தில் அடித்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டே இறக்கினார். ஒரு பாத்திரத்தைப் பார்க்காமலேயே இறக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஏற்பாடு அந்த வயதினருக்கு உரியதல்ல. அடுப்பு இடுப்பு உயர மேடையில் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் குறை கிடையாது.

இன்னொரு சிறு குறை, செவ்வக வடிவம். மூலைகளில் சீஸ் தூள் உருண்டையாகத் தங்கிவிடுகிறது. கரண்டி அங்கே போய்ச் சேர்வதில்லை. பிளாஸ்டிக் நாளடைவில் மஞ்சளாகிவிடும், வாடையும் போகாது. அதை இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கருவி வரவழைக்க நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இத்தகைய பிளாஸ்டிக் பாத்திரம் எந்த நாட்டு மைக்ரோவேவிலும் வேலை செய்யும். மின் இணைப்புள்ள எதையும் அங்கிருந்து வாங்கிவரச் சொல்லாதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230 வோல்ட். சுருள் வைத்த சிறிய மின்குக்கரை இங்கே நேராகச் சொருகினால், விரைவில் எரிந்துபோகும். மின்மாற்றி வாங்கி இணைக்கலாம் என்றால், வெப்பமூட்டும் கருவிகளைத் தாங்கக்கூடிய மின்மாற்றியின் விலையில் இங்கேயே இரண்டு குக்கர்கள் வாங்கிவிடலாம்.

விடுதி மாணவர்களிடம் பரவலாக இருக்கும் பல்பயன் கெட்டில் அடுத்தது. நூடுல்ஸ், முட்டை, தேநீர் என்று எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பெரும்பாலானவை 1.2 லிட்டர் கொள்ளளவும் 600 வாட் திறனும் கொண்டவை. கணக்கு இங்கேயே இடிக்கிறது: 1.4 லிட்டர் நீரே இதற்குள் கொள்ளாது. பொங்குவதற்கு வேறு இடம் விட வேண்டும். ஆகவே பாதிப் பெட்டிதான் ஒரு தடவைக்கு. தூளையும் கண்ணளவில் பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒருவர் தனக்கு மட்டும் செய்துகொள்ள இது போதுமானது, நல்லதும்கூட. இரண்டு பிள்ளைகள் தட்டோடு காத்திருக்கும் வீட்டில், முதல் பாதி ஆறி இறுகிய பிறகே இரண்டாம் பாதி வரும்.

கெட்டிலில் மதுரைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. எங்கள் பகுதியில் ஆழ்குழாய் நீர் நல்ல உப்பு. பலர் அவசரத்துக்கு அந்த நீரையே கெட்டிலில் ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அடித்தட்டில் வெள்ளைப் படிவு கட்டுகிறது; அந்தச் சொரசொரப்பின் மேல் மக்ரோனியின் மாவு ஒட்டி, கருகி, அடுத்த முறை வைக்கும் தேநீரில் மிதக்கிறது. கெட்டிலை நீரில் மூழ்கவைத்துத் தேய்க்கவும் முடியாது. அடியில் மின் இணைப்பு இருக்கிறது. புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவைத்து இரவு முழுவதும் விட்டால் படிவு இளகும். குடிநீரை மட்டுமே ஊற்றுவது என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால், இந்த வேலையே மிச்சம்.

மின்சார ரைஸ் குக்கர் எங்கள் வீட்டிலேயே இருந்ததால், அதில் பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். செய்து பார்த்த பிறகுதான் அதன் இயல்பு புரிந்தது. ரைஸ் குக்கருக்கு நிமிடம் தெரியாது. நீர் தீர்ந்துவிட்டதா என்பது மட்டுமே தெரியும். நீர் இருக்கும் வரை பாத்திரத்தின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. நீர் வற்றியதும் வெப்பம் ஏறும். அப்போது அடியிலுள்ள காந்தம் தன் பிடியை விட்டுச் சுவிட்சைத் தட்டிவிடும். அரிசிக்கு இது அருமையான ஏற்பாடு. மக்ரோனிக்கோ எட்டு நிமிடம் போதும். நீரைச் சற்று அதிகமாக ஊற்றினால், அது வற்றும் வரை பதினெட்டு நிமிடம் கொதித்து, மக்ரோனி குழைந்து களியாகிறது; குறைத்து ஊற்றினால், மேலே உள்ளவை வேகாமல், அடியில் உள்ளவை பிடித்துக்கொள்கின்றன. அளவு கைவந்துவிட்டால் சரியாக வரும்தான். அதற்கு முன் நான்கு பெட்டிகளைப் பலி கொடுக்க வேண்டும்.

ரைஸ் குக்கரை ஒதுக்கியதற்கு இதைவிட வலுவான காரணம் வேறொன்று. அம்மா செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் கவுச்சி தொடமாட்டார். பால் திரிந்து சீஸாக உறைவதற்குச் சேர்க்கும் நொதி சில வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. சில வகைகளில் நுண்ணுயிர்களிலிருந்து பெறப்படுவது. இந்தியாவில் விற்கும் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைக் குறி இருக்கும். தங்கை கொண்டுவரும் பெட்டியில் அந்தக் குறி இல்லை. நொதி என்று மட்டுமே போட்டிருக்கிறது. எங்கிருந்து எடுத்த நொதி என்று தெரியாத ஒன்றை, தினமும் சோறு ஆக்கும் பாத்திரத்தில் வேகவைக்க அவர் ஒப்பவில்லை. அது அவருடைய சமையலறை. அவருடைய சொல்லை நான் மறுக்கவில்லை. ஆகவே எதை வாங்கினாலும் அது இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும் என்பது முடிவாயிற்று. இதே காரணத்தால், பத்தாயிரம் ரூபாயை ஒட்டி விலை சொல்லும் மின்சாரப் பிரஷர் குக்கர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆண்டுக்கு ஆறு வாரம் பயன்படும் கருவிக்கு அது தகாத செலவு.

சாதாரணப் பிரஷர் குக்கரைப் பற்றி நம்மூரில் பலர், “ஒரு விசில் விட்டால் போதும்” என்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் தடித்த மக்ரோனிக்கு அது ஓரளவு பொருந்தலாம். இந்தப் பெட்டியிலுள்ள மெல்லிய குழலுக்குப் பொருந்தாது. குக்கருக்குள் வெப்பம் 120 பாகையை ஒட்டி இருக்கும். விசில் வரும் முன்பே வெளிப்புறம் கரைந்துபோகிறது. அதைவிட முக்கியமானது, பாஸ்தா வகைகள் நுரைத்துப் பொங்குபவை. எங்கள் வீட்டில் ஒரு தடவை விசிலுக்குப் பதிலாக மஞ்சள் நிற மாவுநீர் பீய்ச்சி, சுவர் ஓடு வரை தெறித்தது. பிறகு வெயிட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஆவித் துளையின் பாதியை ஒரு குழல் துண்டு அடைத்திருந்தது. பழைய பிரஷர் குக்கர் கையேடுகளில் மக்ரோனியைச் சமைக்கக்கூடாதவை பட்டியலில் சேர்த்திருப்பது இதனால்தான். அம்மாவைவிட நான்தான் அன்று அதிகம் பயந்தேன். சமவெளியில் இதற்குக் குக்கர் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நீர் 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே தங்கியிருந்த வீட்டில் இதே பெட்டியைத் திறந்த பாத்திரத்தில் செய்தபோது, பதினொரு நிமிடத்துக்குப் பிறகே பதம் வந்தது. மலையில் நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நீரையும் ஒரு கை கூட்டி வையுங்கள்.

இனி, பெட்டி கேட்கும் வழியையே பின்பற்றும் திறந்த பாத்திரம். சமையல் எரிவாயு, இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டிலும் செய்தோம். 30 பாகையில் இருக்கும் 1.4 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, 1,600 வாட்டில் வைத்த இண்டக்‌ஷன் ஐந்தரை நிமிடம் எடுத்துக்கொண்டது. எரிவாயுவின் பெரிய பர்னர் எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. கொதிக்கவைத்து வேகவைக்க இண்டக்‌ஷனுக்கு ஏறத்தாழ கால் யூனிட் ஆகிறது; வடிக்காமல் செய்யும் மைக்ரோவேவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஏனென்றால் நீர் குறைந்தாலும் அந்த அடுப்பு இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வீணாகிறது. எரிவாயு என்றால் 20 கிராம் அளவுக்குச் செலவாகலாம். வீட்டு இணைப்புகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் கட்டணமில்லாமல் கிடைக்கும் நம் மாநிலத்தில், மின் செலவை வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டிய தேவையே இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் எரிவாயு மட்டுமே கைகொடுக்கும். வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றைத் தாங்காது. ஆகவே இரண்டு அடுப்பிலும் வைக்கக்கூடிய பாத்திரமாக வாங்குவதே அறிவுடைமை. எவர்சில்வர் எல்லாமே இண்டக்‌ஷனில் வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் சென்று அடியில் ஒட்டிப் பாருங்கள்.

சுவையில் திறந்த பாத்திரத்துக்கு ஈடாக எதுவும் நிற்கவில்லை. ஆறாவது நிமிடத்திலிருந்து ஒரு குழலை எடுத்து விரல்களுக்கு இடையில் நசுக்கிப் பார்க்கலாம். நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்து, லேசாக எதிர்த்து நசுங்கினால் அதுதான் பதம். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பார்த்தே ஐம்பது ஆண்டுகள் பழகிய அம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூடிய கருவி எதுவும் அந்த வாய்ப்பைத் தருவதில்லை. ஆனால் அவர் பாதத்தில் கொப்புளம் எழுந்ததும் இந்த முறையில்தான். சிக்கல் முழுவதும் வடிப்பதில் இருக்கிறது.

வடிப்பதற்கான துணைக்கருவிகள் பல. வீட்டில் இருக்கும் வடிதட்டை வைத்துச் சோறு போலக் கவிழ்த்து வைத்தால், மக்ரோனி ஐந்து நிமிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். சோற்றுக்குச் சொட்டச் சொட்ட வடிய வேண்டும். மக்ரோனிக்கு அப்படிக் கூடாது. இரண்டு கரண்டி நீர் தங்கியிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அந்த மாவுநீர்தான் சீஸ் தூளைக் கரைத்துப் பிடிக்க உதவுகிறது. மூடியிலேயே கண் வைத்து, திருகிப் பூட்டும் சாஸ்பேன் இருக்கிறது. விளிம்பில் கவ்விக்கொள்ளும் சிலிகான் வடிகட்டியும் இருக்கிறது. இரண்டும் மக்ரோனி கொட்டிவிடாமல் காக்கின்றன. ஆனால் பாத்திரத்தைத் தூக்கிச் சாய்க்க வேண்டிய தேவையை இரண்டுமே நீக்கவில்லை.

ஒரு நாள் சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்த்தேன். வெறும் பாத்திரம் 800 கிராம். நீரும் மக்ரோனியும் சேர்த்து ஒன்றரை கிலோ. ஆக, இரண்டே கால் கிலோவுக்கு மேல் கொதிக்கும் சுமையை, வலிக்கும் ஒரு மணிக்கட்டு தூக்கி, சாய்த்து, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். வடித்து எடுத்த மக்ரோனியை மட்டும் நிறுத்தேன்: 400 கிராமுக்கும் குறைவு. அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்துவிட்டது. நீரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மக்ரோனியை மட்டும் தூக்கினால் போதும்.

பாத்திரத்துக்குள் கண் வைத்த கூடை ஒன்று உட்காரும். மக்ரோனியைக் கூடையில் போட்டு வேகவைத்து, கூடையை உயர்த்தி, விளிம்பில் கொக்கியை மாட்டிவிட்டால் நீர் தானாக இறங்கிவிடும். பாஸ்தா பாத்திரம் என்ற பெயரில் வெளிநாட்டு அளவில் விற்கும் தொகுப்புகள் ஐந்து லிட்டருக்கு மேற்பட்டவை. நமக்கு அவ்வளவு தேவையில்லை. விளக்குத்தூண் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் தேடியபோது, ஓட்டல்களில் எண்ணெய்ச் சட்டிக்குள் இறக்கும் நீளக் கைப்பிடிக் கம்பிக் கூடை கிடைத்தது. கம்பிகளுக்கு இடையில் மக்ரோனி நழுவாத அளவுக்கு நெருக்கமான வலையாகப் பார்த்து எடுத்தேன். வாய் அகலமான, அடி கனத்த மூன்று லிட்டர் எவர்சில்வர் பாத்திரமும் அங்கேயே அமைந்தது. இரண்டும் சேர்ந்து கெட்டிலின் விலைக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கூடைப்பிடி சூடாவதால், அதில் கட்ட ஒரு பருத்தித் துணிப்பட்டையை மனைவி தைத்துக் கொடுத்தாள்.

இதில் ஒரு குறையும் உண்டு. மாவுநீர் பாத்திரத்திலேயே நிற்பதால், கலவையைச் செய்ய இன்னொரு சிறிய பாத்திரம் வேண்டும். மைக்ரோவேவ் குக்கரில் ஒன்று கழுவ வேண்டும் என்றால், இங்கே மூன்று. அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. உண்மையில் வட்டமான தனிப் பாத்திரத்தில் கலப்பதால் சீஸ் இன்னும் சீராக வருகிறது: முதலில் வெண்ணெயைச் சூடான மக்ரோனியில் உருகவிட்டு, பிறகு காய்ச்சிய பாலை ஊற்றி, கடைசியாகத் தூளைப் பரவலாகத் தூவி, மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்ட வேண்டும். தூளை முதலில் போட்டால் உருண்டை கட்டும். கடையில் வாங்கும் உப்புப் போட்ட வெண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். தூளில் ஏற்கெனவே உப்பு அதிகம். எங்கள் பால்காரம்மா கொடுக்கும் உப்பில்லா வெண்ணெயில் செய்ததைத்தான் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஆகவே என் பரிந்துரை ஆளுக்கு ஆள் மாறும். விடுதியில் தனியாக இருக்கும் மாணவருக்குக் கெட்டில். மாலையில் தனியாக வீடு திரும்பும் பிள்ளைக்கு, அடுப்பு இடுப்பு உயரத்தில் இருக்குமானால், மைக்ரோவேவ் குக்கர். கைவலுவுள்ளவர் சமைக்கும் வீட்டில் கண் வைத்த மூடியுள்ள சாஸ்பேன் தாராளமாகப் போதும். வயதானவர் இரண்டு பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க வேண்டிய எங்கள் வீட்டுக்குக் கூடை.

பாத்திரத்துக்குப் பணம் கொடுத்த பிறகு, கடை வாசலில் பெயர் பொறிப்பவரிடம் அதை நீட்டினேன். “என்ன பேர் போடணும்ணே?” என்று கேட்டார். பெயர் வேண்டாம், உள்பக்கம் ஒரு கோடு வேண்டும் என்றேன். வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்த அளவுக் குவளையால் 1.4 லிட்டர் நீரை அளந்து ஊற்றிக் காட்ட, அவர் நீர்மட்டத்தில் ஆணியால் அடையாளம் இட்டு, நீரைக் கொட்டிவிட்டு, துடைத்து, கருவியை உள்ளே நுழைத்துப் புள்ளி புள்ளியாக ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பாத்திரத்தைத் திருப்பி, வெளிப்பக்கம் ஏன் பேர் வெட்டவில்லை என்று கேட்டார். மறுநாள் மீண்டும் போய், பேரப் பிள்ளைகள் இருவரின் பெயரையும் வெட்டி வாங்கி வந்தேன்.